ஒற்றைக்கண் வீராங்கனையை முதலில் பார்த்தவன்

ஹாங்காங்கில் என் குடியிருப்புக்குக் கீழே ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. காலை ஆறரை மணிக்கு இருபது முப்பது முதியவர்கள் அங்கே கூடி, ஒரு டேப் ரெக்கார்டரை ஓடவிட்டு, தாய்ச்சி என்ற பயிற்சியைச் செய்கிறார்கள். ஒரு கை மேலே போய்ச் சேர்வதற்குள் நாம் ஒரு டீ குடித்து முடித்துவிடலாம். வந்த புதிதில் ஒரு வாரம் முழுக்க, வேலைக்குப் போகும் வழியில் நின்று பார்த்தேன். இதோ இப்போது ஒருவர் பாய்வார், மரத்தில் கால் வைத்துத் திரும்புவார், எதிரில் நிற்பவர் பத்தடி தள்ளிப் போய் விழுவார் என்று காத்திருந்தேன். ஒரு அடிகூட விழவில்லை. ஏழாம் நாள், முடியை ஒட்ட வெட்டிய ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். வந்து சேர்ந்துகொள் என்கிறார் என்று நினைத்து, ஓடிப்போய் வரிசையில் நின்று, படத்தில் பார்த்த மாதிரி காலை அகட்டி முஷ்டியை மடக்கினேன். அவர் சிரித்துக்கொண்டே என் தோளைப் பிடித்து இரண்டடி நகர்த்தினார். நான் அவருடைய பையை மிதித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

சண்டைப் படங்களைப் பற்றி என்னிடம் பேசும்போது திருப்பூரில் யாரும் சிரிக்க மாட்டார்கள். எனக்குச் சொந்த ஊர் பொங்கலூர். பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் சேர்ந்து, பிறகு குவாலிட்டி கண்ட்ரோலர் ஆனவன். குண்டடத்துக்காரனான செந்திலும் நானும் கொங்கு நகரில் ஒரே அறையில் ஆறு வருடம் இருந்தோம். அவனுக்கு பிரிண்டிங் யூனிட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு எங்கள் கூட்டம் ஏழெட்டுப் பேர் போவோம். தமிழில் டப்பிங் செய்யப்பட்ட குங்ஃபூ படம் எங்கே ஓடினாலும் அங்கே நாங்கள் இருப்போம். படம் விட்டதும் எதிர்த்த டீக்கடையில் ஒரு பெஞ்சு. அதன் நடுவில் என் இடம். டீக்கடைக்காரர் கிளாஸை வைத்துக்கொண்டே, "ஏனுங்க, படம் எப்படிங்க?" என்று என்னைத்தான் கேட்பார். நான் வாயைத் திறக்கும்வரை மற்றவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். செந்தில்கூட என் முகத்தைப் பார்த்துத்தான் படம் நல்லதா கெட்டதா என்று முடிவுசெய்வான்.

என் தீர்ப்புகளுக்கு ஏன் அவ்வளவு மரியாதை என்றால், நான் அடியைப் பார்ப்பதற்கு முன் துணியைப் பார்த்தேன். கதாநாயகன் கோபத்தில் மார்பை விரித்ததும் பனியன் நடுவில் நேர்க்கோடாகக் கிழிந்தால் அது பொய்ச் சண்டை. பனியன் தைக்கிற சிங்கிள் ஜெர்சி துணி அப்படிக் கிழியவே கிழியாது; முன்பே பிளேடு போட்டு வைத்திருக்கிறார்கள். ராஜா காலத்துக் கதை என்று சொல்லிவிட்டு, வில்லன் புரளும்போது உள்சட்டையில் இந்தக் காலத்து மெஷின் போடும் ஓவர்லாக் தையல் தெரிந்தால் அந்தப் படத்தை நான் மன்னிக்க மாட்டேன். கயிறு கட்டிப் பறப்பதும் எனக்குப் பிடிக்காது. இடுப்பில் கயிறு இழுக்கும்போது சட்டை கீழிருந்து மேலாகச் சுருங்கும், அதை மறைக்க முடியாது. வெட்டி வெட்டி ஒட்டாமல், ஒரே மூச்சில் பத்து அடி காட்டுகிற படம்தான் படம். வீடியோ கேமிலும் அதே அளவுகோல்தான். ரயிலடியில் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளை வாங்கி வந்து, அடுத்த வருடம் என்னென்ன சண்டை விளையாட்டுகள் வரப்போகின்றன என்று அந்த பெஞ்சில் உட்கார்ந்து அறிவித்தவன் நான்.

அதனால் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குத் துணி வாங்கிக் கொடுக்கும் ஒரு பையிங் ஆபீஸில் வேலை கிடைத்து ஹாங்காங் கிளம்பியபோது, வேலையைவிட இதுதான் பெரிதாகத் தெரிந்தது. குங்ஃபூவின் பிறந்த வீட்டுக்கே போகிறேன். "இனிமேல் புதுப் படமோ புது கேமோ, மொதல்ல நான்தான் பாப்பேன். நீங்கெல்லாம் நான் சொல்லித்தான் கேக்கோணும்" என்று பெஞ்சில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். செந்தில் என் தோளில் கைபோட்டு, "பாத்துப்போட்டு மறக்காம சொல்லு மாப்ள" என்றான். வந்த பிறகுதான் தெரிந்தது, என் அலுவலகத்தில் யாருக்கும் சண்டைப் படம் பிடிக்காது. பக்கத்து மேசை விங் என்ற பெண்ணிடம், உங்கள் ஊரில் எத்தனை வகைக் குங்ஃபூ இருக்கிறது என்று கேட்டேன். நான் அவளைக் கேலி செய்வதாக நினைத்து அரை நாள் பேசாமல் இருந்தாள். பிறகு சமாதானமாகி ஒரு படத்துக்குக் கூட்டிப்போனாள். கதாநாயகன் வந்ததும் என்னை அறியாமல் விசிலடித்தேன். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கதாநாயகனின் சொந்தக் குரல் மெல்லியதாக, பல்வலிக்காரன் பேசுவதுபோல இருந்தது. நம் டப்பிங்கில் அவன் "டேய்!" என்றால் திரையரங்கமே அதிரும். அசலின் எதிரில் உட்கார்ந்துகொண்டு, திருப்பூரில் டப்பிங்கைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்மேல் பொறாமைப்பட்டேன். ஞாயிறு இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அவர்களை அழைத்தால் அங்கே மாலை, அப்போதுதான் படம் விட்டிருக்கும். பஸ் ஹாரனுக்கும் டீ ஆற்றும் சத்தத்துக்கும் நடுவில் செந்தில் படத்தைப் பற்றிப் பேசுவான், மற்றவர்கள் "ஆமாங்" என்பார்கள். பெஞ்சின் நடுவில் இப்போது அவன்தான் உட்காருகிறான் என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது.

அந்த இடத்தைத் திரும்பப் பிடிக்க எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. புதிதாக வரப்போகும் ஒரு சண்டை விளையாட்டின் சுவரொட்டி, நான் குடியிருக்கும் ஷாம் ஷுய் போ கடைவீதி முழுக்க ஒட்டியிருந்தது. ஏற்கெனவே தெரிந்த வீரர்களுக்கு நடுவே ஒரு புது உருவம் முதுகைக் காட்டி நின்றது. முகம் யாருக்கும் தெரியாது, வெளியீட்டு நாளில்தான் காட்டுவார்கள் என்றார்கள். உலகம் முழுக்க ரசிகர்கள் ஊகித்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த முதுகை ஒரு மாதம் ஆராய்ந்தேன். சட்டையின் தோள்பட்டை மடிப்பை வைத்து, அவன் முகமூடி போட்ட ஒரு துறவி என்று முடிவுகட்டி, நண்பர்களுக்கு நீளமாக மின்னஞ்சல் எழுதினேன். அடுத்த ஞாயிறு செந்திலை அழைத்தேன். அவன் கூட்டத்தைவிட்டுத் தள்ளி வந்து குரலைத் தாழ்த்தினான்.

"மாப்ள, உனக்கு மட்டும் சொல்றேன். அது ஆம்பளையே இல்ல. பொம்பள. இடது கண்ணுல கட்டு போட்டிருக்கா."

"எவன்டா சொன்னான்?"

"எவன் சொல்லோணும்? நான்தான தெனமும் அடிச்சுட்டு இருக்கறேன். வாங்கறவங்களுக்கு ஓசியில குடுக்கற டி-ஷர்ட்டு நம்ம யூனிட்டுக்குத்தான் வந்திருக்குது. ஏழு கலரு. கடைசி கருப்பு விழுவறப்பத்தான் மூஞ்சி தெரியும். யூனிட்டுக்குள்ள செல்போனே உடறதில்ல, வெளிய சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிப்போட்டாங்க. என்ற ஊட்டுலகூடச் சொல்லலடா."

கட்டு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். இழை குறுக்கும் நெடுக்குமாக வரைந்திருக்கிறார்கள் என்றான். "அப்ப அது நெய்த துணி. இழுவையே இருக்காது. மொதல் ஒதையிலயே நழுவி கழுத்துக்கு வந்துரும். இழுத்தா விரிஞ்சு சுருங்கற ரிப்பு துணியில கட்டியிருக்கோணும்" என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "இதுக்குத்தான்டா நீ வேணுங்கறது" என்றான்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயிறெரிந்தது. கடல் தாண்டி, அந்த விளையாட்டை விற்கும் தெருவிலேயே குடியிருப்பவன் நான். எனக்கு முதுகு. அனுப்பர்பாளையம் பக்கத்தில் ஒரு ஷெட்டில், கையில் மையோடு நிற்பவனுக்கு முகம், அதுவும் தினம் ஆயிரக்கணக்கில். அவளை அவன் ஏழு நிறங்களாகத் தன் கையால் கொண்டுவருகிறான். திருப்பூரிலேயே இருந்திருந்தால், ஒருநாள் அந்த யூனிட்டுக்கு இன்ஸ்பெக்‌ஷன் போகும்போது நானும் பார்த்திருப்பேன் என்ற நினைப்பு என்னைத் தூங்கவிடவில்லை. மூன்றாம் நாள் மதியம், ஆபீஸ் கணினியில், ரசிகர்கள் கூடும் ஒரு ஆங்கில இணைய மன்றத்தில் எழுதினேன். புது வீரர் ஒரு பெண், இடது கண்ணில் கட்டு, இந்தியாவில் திருப்பூர் என்ற ஊரில் அவள் முகம் இப்போதே டி-ஷர்ட்டில் அச்சாகிறது என்று எழுதினேன். யாரும் நம்பவில்லை. ஒருவன் சிரிப்புப் படம் போட்டான். அங்கேதான் எனக்கு ரோஷம் வந்தது. நெய்த துணிக்கு இழுவை கிடையாது, அந்தக் கட்டு முதல் உதையில் நழுவும், ரிப் துணியாக இருந்தால் நிற்கும் என்று ஒரு பத்தி எழுதினேன். அதைப் படித்ததும் நம்பிவிட்டார்கள். இவ்வளவு விவரமாகப் பொய் சொல்ல முடியாது என்றார்கள். இரண்டு நாள் நான் அங்கே ராஜா. பெஞ்சின் நடுவில் உட்கார்ந்ததுபோலவே இருந்தது.

பத்து நாள் கழித்து ஞாயிறு அழைத்தபோது பின்னால் டீக்கடைச் சத்தம் இல்லை. செந்தில் அறையில் இருந்தான். படத்துக்குப் போகவில்லையா என்றேன்.

"போவல மாப்ள. யூனிட்ல பிரச்சனை ஆயிப்போச்சு. எவனோ நெட்ல எழுதிட்டானாமா. பையர்கிட்ட இருந்து மெயில் வந்து, மொதலாளி எல்லாத்தையும் நிக்க வெச்சுக் கேட்டாரு. நான்தான மாஸ்டரு. அந்த டேபிள்ல இருந்து என்னையத் தூக்கிப்போட்டாங்க. இப்ப கொழந்த துணிக்கு வாத்து அடிச்சுட்டு இருக்கறேன்."

நான் ஐயோ என்றேன். யாராக இருக்கும் என்று கேட்டேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

"மொதலாளி அதைப் பிரிண்ட் எடுத்துக் காட்டுனாரு. அந்தக் கட்டு நழுவும்னு எழுதியிருந்துச்சு."

"நெட்ல எத்தனையோ பேரு எழுதுவாங்க."

"எழுதுவாங்க. ரிப்பு துணின்னு எவன் எழுதுவான் மாப்ள?"

அவன் திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சண்டை பிடித்திருப்பேன். "நான் ஆருகிட்டயும் ஒண்ணும் சொல்லல. உடு. உன்ற போன் கார்டு தீந்துரப் போவுது" என்று வைத்துவிட்டான். என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் அவனுக்கு அந்த மேசை திரும்பக் கிடைத்திருக்கலாம். அவன் செய்யவில்லை. அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் மறுநாளே பெயரைச் சொல்லியிருப்பேன்.

வெளியீட்டு நாளன்று ஷாம் ஷுய் போவில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றேன். திரையில் அந்தப் பெண் திரும்பி முகத்தைக் காட்டியதும் கடை முழுக்க "வாவ்!" என்று கத்தியது. கத்தாதவன் நான் ஒருவன்தான். கடையில் விளையாடிப் பார்க்க வைத்திருந்த பெட்டியில் அவளைத் தேர்ந்தெடுத்து உதைக்க வைத்தேன். நூறு உதை உதைத்தும் அந்தக் கட்டு நழுவவில்லை. விளையாட்டுக்குத் துணி தெரியாது என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. கேமோடு கொடுத்த இலவச டி-ஷர்ட்டை வாங்கிக்கொண்டு அறைக்கு வந்து, பழக்கத்தில் முதலில் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தேன். கழுத்து லேபிளில் மேட் இன் இந்தியா. பிறகு பிரிண்ட் இருக்கும் இடத்தை இரண்டு கையாலும் இழுத்தேன். பிரிண்ட் நல்ல பிரிண்டா என்று அப்படித்தான் பார்ப்போம். கட்டுப்போட்ட கண்ணின் மேலே மை பொடிப்பொடியாக வெடித்தது. மை காயச் சூடு போதாமல் எடுத்திருக்கிறார்கள். செந்தில் அடித்தது வெடிக்காது. ஆறு வருடத்தில் அவன் அடித்த ஒரு பீஸைக்கூட நான் ரிஜெக்ட் செய்ததில்லை. இது அவனுக்குப் பிறகு வந்தவன் கை. செந்தில் பிரிண்டில் ஏதாவது குறை கண்டுபிடிக்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவன், இது அவன் அடித்ததாக இருக்கக் கூடாதா என்று அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். பிறகு என் பையில் எப்போதும் கிடக்கும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரில் ஒன்றை உரித்து, வெடித்த இடத்தைக் காட்டி ஒட்டினேன். செக்கிங்கில் குறை இருக்கும் இடத்தில் அப்படித்தான் ஒட்டுவோம். கை தானாகச் செய்தது.

மறுநாள் காலை அதையே போட்டுக்கொண்டு பால் வாங்கக் கீழே இறங்கினேன். பூங்காவில் அந்தப் பெரியவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். இந்த முறை என் காலடியில் பை எதுவும் இல்லை. அவர் அருகில் வந்து என் மார்பில் இருந்த பெண்ணைக் காட்டி, "ஹோ லெங்" என்றார். ரொம்ப அழகு என்று அர்த்தம். பிறகு ஏதோ தூசி ஒட்டியிருக்கிறது என்று நினைத்து, நகத்தால் அந்தச் சிவப்பு அம்பை மெதுவாக உரித்தார். "வேண்டாங்க, டேமேஜ் பீஸுங்க" என்றேன், தமிழில். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் விரல் நுனியில் இருந்த அம்பை வாங்கி, பழைய இடத்திலேயே ஒட்டிக்கொண்டேன். திருப்பூரில் அம்பு ஒட்டிய பீஸை யாரும் பெட்டியில் அடுக்க மாட்டார்கள், தனியாக ஒரு மூலையில் போட்டுவிடுவார்கள். இவர் என் தோளைப் பிடித்துத் தன் பக்கத்தில், வரிசையில் நிறுத்திக்கொண்டார். டேப் ரெக்கார்டர் பாட ஆரம்பித்தது. எல்லோரோடும் சேர்ந்து நானும் ஒரு கையை மெதுவாக உயர்த்தினேன். டி-ஷர்ட் நெஞ்சில் இழுபட்டு, அவள் கண் இன்னும் கொஞ்சம் வெடித்தது.