பார்த்தீனியம் பூக்கும் முன்

ராத்திரி மழை பெய்தால் போதும், விடிந்ததும் அனுசுயா தெருவோரம் குந்திவிடுவாள். இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பை, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு. ஈர மண்ணில்தான் பார்த்தீனியம் வேரோடு வரும்; வெறுங்கையால் தொட்டால் அரிக்கும். கழனியில் களையெடுத்துப் பிழைக்கிறவள், வேலையில்லாத நாளிலும் களையெடுக்கிறாளே என்று தெரு சிரிக்கிறது. சிரிக்கட்டுமே!

திருத்தணியில் அந்தச் செடி எங்கெங்கே இருக்கிறதென்று அவளைக் கேட்க வேண்டும். ரயில்வே வேலியோரம் இடுப்பளவு. மலையடிவாரத்தில் மணல் கொட்டிய இடத்தில் புதுசு. நகரி ரோட்டில் இரண்டு பக்கமும். "தெலுங்குல வய்யாரிபாமானு பேருங்க. லாரி டயர்ல ஒட்டிக்கினு ஊர் ஊரா போறா மவராசி!"

மகள் அபிக்கு இளைப்பு. இந்தச் செடி வெள்ளை வெள்ளையாகப் பூத்தால் அவள் மூச்சு விசிலடிக்கும். அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்ததிலிருந்து அம்மா வீட்டில் சேர்ந்தாற்போல் இரண்டு ராத்திரி தங்கியதில்லை. மாசமானதும் போனில் சொல்லிவிட்டாள்: "நான் அங்க வர்லமா. மாமியார் வூட்லயே பெத்துக்கிறேன்." அன்றைக்கு அனுசுயாவுக்குச் சோறு இறங்கவில்லை. தலைப்பிரசவமாயிற்றே!

போன வருஷமும் பிடுங்கினவள்தான். பூவும் விதையுமாகப் பிடுங்கிக் கொல்லைக் குப்பையில் போட்டாள். அந்த எருவையே அள்ளி, அபி படுக்கும் அறை ஜன்னலுக்குக் கீழே கனகாம்பரத்துக்கு வைத்தாள். கனகாம்பரம் போன இடம் தெரியவில்லை. ஜன்னல் உயரத்துக்குப் பார்த்தீனியம் நின்றது. "என் கையாலயே வெச்சிக்கினேனே, இன்னா புத்தி எனக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். செடியை வெட்டியெறிந்த பிறகும் பயம் போகவில்லை. ஜன்னலை அடைத்து, இடுக்கெல்லாம் பழைய புடவையைத் திணித்தாள்.

இந்த ஆடியிலிருந்து பூ வைக்குமுன்பே பிடுங்கி, வெறும் பாறையில் போட்டுக் காயவிடுகிறாள். "அக்கா, எங்க வூட்டாண்டயும் ஒரு ரவுண்டு வா" என்று கிண்டலடித்த எதிர்வீட்டு ஆட்டோக்காரன் ஆதிகேசவன், தன் மனைவிக்கும் கை அரிப்பு வந்ததும் மண்வெட்டியோடு பக்கத்துக் காலிமனையில் இறங்கிவிட்டான். இரண்டே ஞாயிற்றுக்கிழமையில் மனை சுத்தம்.

கெஞ்சிக் கூத்தாடிய பிறகு, வளைகாப்பு முடிந்து அபி வந்தாள். "ரெண்டு நாள் பாப்பம்மா, இளைப்பு வந்தா கெளம்பிடுவேன்" என்றவள் பையைக்கூடப் பிரிக்கவில்லை.

இன்று மூன்றாம் நாள் காலை. அபி இன்னும் தூங்குகிறாள். அனுசுயா குனிந்து அவள் மூக்கருகே காதை வைத்துக் கேட்டாள். விசில் இல்லை. கொல்லைக்குப் போய் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவி வந்தாள். ஜன்னல் இடுக்கிலிருந்த புடவையை மெதுவாக உருவி, இரண்டு கதவையும் திறந்துவிட்டாள்.