சந்தனம் பூசிய குறிக்கண்ணாடி

துவக்குச் சத்தம் கேட்காத இடமாகப் பார்த்து ஓடி வந்த ஆள் நான். வந்த கையோடு துவக்குச் சங்கமொன்றில் சேர்ந்தேன். இதற்கு முழுப் பொறுப்பும் என் டேனிஷ் ரீச்சர்தான். மொழி பழக வேண்டுமென்றால் ஏதாவது சங்கத்தில் சேர் என்றார். டென்மார்க்கில் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கி நின்றாலே அதற்குள் ஒரு தலைவரும் செயலாளரும் கோப்பிப் பொறுப்பாளரும் தெரிவாகிவிடுவார்கள். ஓல்போர்க்குக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த சின்ன ஊரிலோ புது ஆட்களுக்கு இடம் வைத்திருந்தது ஒரேயொரு சங்கம்: பள்ளிக்கூட ஜிம்முக்குக் கீழே நிலவறையில் சின்ன ரைபிளால் கடதாசி வட்டங்களைச் சுடுகிறவர்கள். சுடும்போது யாரும் கதைக்கக்கூடாது என்பது அங்கே முதல் விதி. மொழி பழக இதைவிடத் தோதான இடம் கிடைக்குமா?

வீட்டில் நானும் அண்ணையும். அண்ணைக்கு மீன் பக்டரியில் வேலை. அண்ணியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் டென்மார்க் விசாவுக்குக் காத்திருந்தார்கள். அந்த வருசங்களில் எங்கட ஆட்களின் குடும்ப விண்ணப்பங்கள் எல்லாம் கோப்பன்ஹேகனில் ஏதோ ஒரு மேசையில் ஆழ்ந்த நித்திரையில் இருந்தன. ஏனென்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாததால் அண்ணை காரணத்தைத் தானே தயாரித்துக்கொண்டார்: தன்னை யாரோ கவனிக்கிறார்கள். ஆகவே ஒரு சைக்கிள்கூட வராத தெருவில் பச்சை விளக்கு வரும்வரை மழையில் நின்றார். கருவாடு பொரிப்பதை விட்டார். குப்பையைக்கூடக் கழுவிப் போட்டார். இப்படி உத்தமராக வாழ்ந்துகொண்டிருந்த மனுசனிடம் போய்த்தான் நான் துவக்குச் சங்கதியைச் சொன்னேன்.

"டேய், உனக்கென்ன விசரோ? தமிழ்ப் பெடியன் துவக்கோடை நிக்கிறான் எண்டு ஒருத்தன் அறிவிச்சால் காணும். அண்ணியின்ரை கோப்பு அடிக்குப் போயிடும்."

"துவக்கு கிளப்பிலை பூட்டிக் கிடக்குது அண்ணை. வீட்டை வராது."

"நீ வருவாய்தானே?"



இலையுதிர்காலம் தொடங்க, ரைபிளின் மேல் கண்ணாடி பூட்டிக் குறிபார்த்துச் சுடும் போட்டிக்குச் சங்கம் ஒரு குறிக்கண்ணாடி தெரிவு செய்ய வெளிக்கிட்டது. இதற்கு இரண்டு கூட்டம், இரண்டு கேக். சாமான்களுக்குப் பொறுப்பான பெண் ஒரு பல் வைத்தியர். முதலில் ஒரு நீண்ட வேட்டைக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். அந்தச் சின்ன ரைபிள், பாரச்சட்டி தூக்கின கோழிக்குஞ்சு மாதிரி நின்றது. பிறகு சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி. எல்லாருக்கும் புள்ளி தெரிந்தது, எனக்குப் பிசைந்த தக்காளி தெரிந்தது. என் கண்ணின் முன்பக்கம் சரியான உருண்டையில்லை என்று அன்றைக்குத்தான் தெரியவந்தது. கடைசியாக யாரோ ஒருவர் கைக்குள் அடங்குகிற ஒரு குட்டிக் கண்ணாடியைக் கொண்டுவந்தார். உள்ளே அரியம், பள்ளிக்கூடத்துப் பௌதிகத்தில் வானவில் காட்டின அதே சாமான். நீளக் குழாய் செய்கிற வேலையை அரியம் ஒளியை மடக்கிச் செய்து முடித்துவிடுகிறது. குறுக்குக்கோடு கண்ணாடியிலேயே செதுக்கியிருந்ததால் என் கோணல் கண்ணுக்கும் அது கோடாகவே தெரிந்தது. நான் போட்ட சத்தத்தில் முதல் விதி முறிந்தது.

"கண்ணை மிக நெருக்கமாக வைக்க வேண்டும்," என்றார் பல் வைத்தியர். "பெரிய துவக்கென்றால் உதைத்து உன் புருவத்தை வெட்டும். இது உதைக்காது. வீட்டுக்குக் கொண்டுபோய், பின்பக்க வளையத்தைத் திருகி உன் கண்ணுக்குக் கோட்டைத் தெளிவாக்கிக்கொண்டு வா. பிறகு பூட்டுவோம்."

அப்படித்தான் துவக்கு வராத எங்கள் வீட்டுக்கு அதன் கண் வந்தது. ஜன்னலடியில் நின்று எதிர்க்கட்டடத்துச் சுவரைப் பார்த்து வளையத்தைத் திருகினேன். அண்ணை வாங்கிப் பார்த்தார்.

"கண்ணாடி எண்டால் ஏன் இதிலை குறுக்குக்கோடு?"

"நடுவைக் காட்ட."

"ஆரின்ரை நடுவை?"

அந்தக் கிழமைதான் சரஸ்வதி பூசை வந்தது. வகுப்பு முடிந்து வந்து பார்க்கிறேன்: படத்துக்கு முன்னால் டேனிஷ் அகராதி, அண்ணையின் மீன் வெட்டுகிற கத்தி, அதற்குப் பக்கத்தில் என் குறிக்கண்ணாடி. மூன்றுக்கும் சந்தனம், குங்குமம். கண்ணாடிக்கு மட்டும் விசேஷ கவனிப்பு. இரண்டு வில்லையிலும் நட்டநடுவில் ஒவ்வொரு பொட்டு.

"இரண்டு பக்கமும் வைச்சிருக்கிறன்," என்றார் அண்ணை. "எது முன், எது பின் எண்டு விளங்கேல்லை."

"உங்களுக்குத்தான் இதைக் கண்ணிலை காட்டேலாதே அண்ணை?"

"பிடிக்காது, அது வேறை. ஆயுதபூசை அண்டைக்கு வீட்டிலை கிடக்கிற ஆயுதத்துக்குப் பொட்டு வைக்காமல் விடேலுமோ? வைச்சு, வேண்டியுமிருக்கிறன்."

"என்னெண்டு?"

"நீ தோக்க வேணும் எண்டு. வெண்டவனைத்தானே பேப்பரிலை படம் போடுறவங்கள்."

கல்விக் கடவுளிடம் தம்பியின் தோல்விக்கு விண்ணப்பம். இந்த விண்ணப்பத்துக்காவது உடனே பதில் வரும் என்று அவருக்கு நம்பிக்கை.

குங்குமம் எண்ணெயில் குழைத்தது. சேட்டு நுனியால் துடைத்தேன், போனதுபோல இருந்தது. ஆணித் தலைகளுக்குள் இறுகிப்போன சந்தனத்தைப் பல் வைத்தியர் தன் தொழில் ஊசியாலேயே கிண்டி எடுத்தார். "இது எந்த நாட்டுப் பல்லழுக்கு?" என்றார். நான் விளக்கினேன். மிகுந்த மரியாதையுடன் தலையாட்டிவிட்டு இன்னும் ஆழமாகக் கிண்டினார்.

பூட்டுவதென்பது முறுக்கி விடுவதல்ல. துவக்கின் மேலிருக்கும் தண்டவாளம் போன்ற அடிக்கட்டையை ஸ்பிரிட்டால் துடைத்தோம். கண்ணாடியை என் கண்ணுக்கு எட்டும்வரை பின்னால் நகர்த்தினோம். நிலவறையின் மறுமுனையில் ஈயக்குண்டு கட்டிய நூலொன்றைத் தொங்கவிட்டு, கண்ணாடிக்குள் தெரிந்த நிலைக்கோடு நூலோடு ஒட்டும்வரை திருப்பினோம். பிறகு ஆணிகளை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சமாக மாறி மாறி இறுக்கினார். வாயைத் திற என்று மட்டும்தான் சொல்லவில்லை. கண்ணாடி உயரமாக நின்றதால் கன்னம் துவக்கின் கட்டையில் படவில்லை. அதற்கு ஒரு ஸ்பொஞ்சைக் கட்டினோம். நிலவறையின் மங்கல் வெளிச்சத்தில் குண்டுகள் நடுவட்டத்துக்குள் போய் விழுந்தன. நான் அண்ணைக்காகக் கவலைப்படத் தொடங்கினேன்.

போட்டி ஓல்போர்க்கில், பெரிய மண்டபத்தில். இலக்குகளுக்கு மேலே பளீரென்ற விளக்குகள். கண்ணை வைத்தேன், வெள்ளைப் பனி! துடைத்துவிட்டதாக நான் நினைத்த எண்ணெய் அந்த வெளிச்சத்தைப் பிடித்து வில்லை முழுக்கப் பூசிக்கொண்டது. போட்டி நடக்கும்போது கழற்றித் துடைக்கவும் விடமாட்டார்கள். வட்டம் இருக்கலாம் என்று தோன்றின இடத்தைப் பார்த்துச் சுட்டேன். கடைசியாக வந்தேன். வேண்டுதல் அவ்வளவு துல்லியமாகப் பலித்தது.

பிறகு பத்திரிகைக்காரர் வந்தார். முதலாவதாக வந்து கிண்ணத்தோடு சிரித்துக்கொண்டு நின்ற பேக்கரிக்காரரைத் தாண்டி நேரே என்னிடம் வந்தார்.

"நீங்கள்தானே தமிழர்? ரைபிளைக் கொஞ்சம் உயர்த்துங்கள். சிரியுங்கள்."

"நான் கடைசி," என்றேன்.

"பரவாயில்லை," என்றார் பெருந்தன்மையாக.

அரைப் பக்கத்தில் படம். நான், ரைபிள், குட்டிக் கண்ணாடி. கீழே, "புதிய அயலவர் இலக்கைக் கண்டுகொண்டார்" என்று எழுதியிருந்தார்கள். அண்ணை பக்டரிக்குப் பக்கத்துக் கடையில் கிடந்த எல்லாப் பிரதிகளையும் வாங்கி ஒளித்தார். கோப்பன்ஹேகன் அதிகாரிகள் அந்தக் கடையில்தான் பேப்பர் வாங்குகிறார்கள் என்ற நினைப்பு. கடைக்காரரோ தம்பி மேல் என்ன பாசம் என்று உருகி, அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினாராம்.

அதற்குப் பிறகும் விசா வரவில்லை. இப்போது காரணம் கைவசம் இருந்தது, அது நான். பொட்டு வைத்தது முதல் படம் வந்தது வரை அண்ணை ரெலிபோனில் சொல்லிச் சொல்லி, கொழும்பு லொட்ஜில் இருந்த சனம் முழுக்க என்னை அறிந்துவைத்திருந்தது. சாப்பாட்டு மேசையில் அண்ணை என் முகத்தைப் பார்ப்பதில்லை. நானும் கிளப்புக்குப் போகும்போது பின்கதவால் போனேன்.

கடைசியில் அண்ணியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். லொட்ஜில் விட்டபோது தவழ்ந்த பிள்ளை, பள்ளிக்கூடப் பையோடு வந்து இறங்கினாள். அண்ணையை "அங்கிள்" என்று கூப்பிட்டாள். அந்த ஒரு சொல்லை வைத்து என்னால் இன்றுவரை ஒரு பகிடியும் விட முடியவில்லை.

பிறகொரு பின்னேரம் அந்தக் குடும்ப விண்ணப்பங்கள் பற்றிய விசாரணைச் செய்தி ரிவியில் ஓடியது. எங்கட ஆட்களின் கோப்புகளை எடுக்கவேண்டாம் என்று மேலிடத்திலிருந்தே சொல்லியிருந்ததாம். எல்லாருடையதையும். பச்சை விளக்குக்கு நின்றவர், நிற்காதவர், கருவாடு பொரித்தவர், படம் வந்தவர், ஒரு வித்தியாசமும் இல்லை. அவ்வளவு சமத்துவம்.

அண்ணை எழும்பி ரிவியை நிறுத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீ அண்டைக்கு வெண்டிருக்கலாம்."

அண்ணி தட்டத்தைக் கீழே வைத்தாள். "இஞ்சாருங்கோ, கோப்பை மறிச்சது அவங்கள் சரி. இந்தப் பெடியன்ரை கண்ணை மறிச்சது ஆர்?"