சந்தனம் பூசிய அட்டைகள்

எங்கள் தொழிற்சாலைக் கணக்கு அறைக்குப் போன மாதம் திரை வைத்த புது மெஷின்கள் வந்திருக்கின்றன. உட்கார்ந்து என் எண்ணைத் தட்டினால் போதும். எங்கே நிற்க வேண்டும், எந்தக் கட்டத்தைத் தாண்ட வேண்டும் என்று நான் சொல்லி வைத்ததெல்லாம் தானாக வந்து நிற்கிறது. எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் அப்படியே. முதல் நாள் எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. நேற்று ஆயுத பூஜைக்குச் சந்தனம் கரைத்தபோது, அந்த வாசனை என்னைப் பழைய பஞ்ச் அறைக்கு இழுத்துக்கொண்டு போனது.

பழைய அறை என்றதும் வெள்ளைக்காரன் காலம் என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்தாறு வருஷத்துக்கு முன்புதான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, திருவொற்றியூரில் எங்கள் தெருவே பார்க்க, இஸ்திரி போட்ட புடவையில் வேலைக்குப் புறப்பட்டவள் நான். எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. என் நடையிலேயே அது தெரியுமாம். "கலெக்டரு வருது, வயி வுடு" என்பார்கள் எதிர்வீட்டில்.

அந்த அறையின் பஞ்ச் மெஷினில் தொழிலாளர் கணக்கைத் தட்டத் தட்ட, எண்ணுக்கு எண் அட்டையில் ஓட்டை விழும். மெஷினின் நெற்றியில் ஒரு சின்ன உருளை. அதில் ஒவ்வொருத்தியும் தனக்கென்று செய்துகொண்ட ஓர் அட்டையைச் சுற்றி வைப்பாள். அவள் கைப்பழக்கமெல்லாம் அதில் ஓட்டைகளாக இருக்கும். மெஷின் அவற்றைத் தடவிப் பார்த்து நிற்கும், ஓடும். ஒரு மனுஷியின் பழக்கம் ஓர் அட்டைக்குள் அடங்குமா என்று வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்ப்பேன். அதை வைக்கத்தான் ஓர் இடம் கிடையாது. உருளையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம்.

நான் சேர்ந்த வருஷ ஆயுத பூஜையில் மெஷின்களுக்குப் பொட்டு வைத்தோம். கூட வேலை செய்த பானு, "நம்ம ஆயுதம் இதானே?" என்று அட்டைகளையும் கழற்றிப் பரப்பினாள். அவரவர் அட்டைக்கு அவரவர் தாராளமாகச் சந்தனம் அப்பினோம். விடுமுறை முடிந்து வந்தால், சந்தனம் காய்ந்து ஓட்டைகளை அடைத்திருந்தது. சுரண்டினால் அட்டை கிழிந்தது. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு கட்டத்தையும் கையாலேயே தாண்ட வேண்டும், பாதி வேலைகூட முடியாது.

"அட்டைக்குமா பொட்டு? ஒரு மூக்குத்தியும் போட்டிருக்கலாமே!" என்றார் சூப்பர்வைசர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மாலைக்குள் நான் முடிக்கும் வேலையைப் பார்த்துத்தான் என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் ராயபுரத்து ஸ்டெல்லா உள்ளே வந்தாள். பூஜையன்று அவள் லீவு. அவள் அட்டை மட்டும் சாப்பாட்டுப் பையில் அவளோடு வீட்டுக்குப் போய் வரும்.

"இன்னாடி, எழவு வூடு மாதிரி குந்திகினு கீறீங்கோ?" விஷயம் தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னுத வச்சி அடிச்சிக்கோ. ஆனா என் பயக்கம் உனுக்கு ஒத்துவராது, சொல்லிட்டேன்."

அவள் அட்டையை ஒரு மெஷின் படித்துக்கொண்டே, பக்கத்து வெற்று அட்டையில் அதே ஓட்டைகளைப் போட்டது. அன்று முழுக்க நான் ஸ்டெல்லாவின் பழக்கத்தில் வேலை செய்தேன். தொழிலாளியின் டோக்கன் எண் முடிந்ததும் மெஷின் சும்மா நின்றது. எனக்கு எரிச்சல். நின்றுவிட்டதே என்று எண்ணைத் திரும்பப் பார்த்தால், தப்பாக அடித்திருந்தேன். தன் கவனத்தையே அல்லவா இவள் ஓட்டை போட்டு வைத்திருக்கிறாள்! மாலைக்குள் வேலை முடிந்தது. என்னை நிரந்தரமாக்கினார்கள்.

அந்த வாரமே சூப்பர்வைசர் தச்சரைக் கூப்பிட்டு ஒரு மர அலமாரி செய்ய வைத்தார். வேலைக்கான அட்டைகள் கீழே. மேலே அவரவர் சொந்த அட்டைக்கு ஆளுக்கொரு சின்ன அறை, பெயர் ஒட்டியது. அடுத்த பூஜைக்குக் குடும்பத்தாரையும் வரச் சொன்னார்கள். ஹார்பரில் மூட்டை தூக்கும் என் நைனா மெஷின்களை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"உன் பேரு எதும்மா?"

காட்டினேன். படிக்கத் தெரியாதவர், எழுத்தின் மேல் விரலை வைத்தபடி நின்றார்.

"இம்மாம் பெரிய கம்பெனில உனுக்குன்னு ஒரு வூடு கீதே!"

இப்போது அட்டையும் இல்லை, அலமாரியும் இல்லை. ஸ்டெல்லாவின் பழக்கமும் என் பழக்கமும், எல்லா மெஷின்களின் கம்பியும் போய்ச் சேரும் ஒரே இரும்புப் பெட்டிக்குள், ஒன்றோடொன்று கலக்காமல் இருக்கின்றன. எப்படியென்று எனக்கு இன்னும் வியப்புதான். நேற்று வந்த நைனா சுவர் சுவராகத் தேடினார்.

"எங்கம்மா உன் வூடு?"

பெட்டியைக் காட்டினேன். கிட்டே போய் விரலை நீட்டினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.