முன்வாசலில் குழாய் வைத்த கூடம்

கட்டடக்கலைக் கல்லூரியில் கடைசி வருடம், வரைந்ததைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுக் கிழிப்பார்கள். நான் வரைந்தது, குமுளிக்கு மேலே நான் பிறந்து வளர்ந்த தேயிலை எஸ்டேட்டுக்கு ஒரு சமுதாயக் கூடம். முன்வாசலில் நீளமாகத் தாழ்வாரம், அதில் வரிசையாகக் குழாய்கள், சுவரில் கொக்கிகள்.

“நுழைந்ததும் குளியலறையா?” என்றார் ஒருவர். வகுப்பே சிரித்தது. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டிலிருந்து அங்கே வந்தவள் நான் ஒருத்திதான். ‘எஸ்டேட்’ என்பதுதான் எனக்கு அங்கே பெயர். மற்றவர்கள் விமான நிலையமும் அருங்காட்சியகமும் வரைந்திருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது.

“சார், இதுதான் வாசல். வருகிறவர்கள் காலில் சேறு இருக்கும்” என்றேன். பிச்சை போடுவதுபோல் பாஸ் மார்க் போட்டார்கள்.

அவர்களுக்கு எங்கள் பழைய கூடம் தெரியாது. கொழுந்து எடை போட்டு முடிகிற நேரத்தில்தான் கிராமசபை கூடும். பெண்கள் எடை போட்ட கையோடு நேரே வருவார்கள். இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு நனைந்திருக்கும், கால் நிறையச் சேறு, அட்டை கடித்த ரத்தம் வேறு. லயத்துக்குப் போய்க் கழுவிவிட்டு வரலாம்தான். போனால் அடுப்பு பிடித்துக்கொள்ளும், திரும்ப வர முடியாது. மெழுகு போட்ட தரையில் அந்தக் காலை வைக்க என் அம்மாவுக்குக் கூச்சம். “இங்கன நின்னே கேட்டுக்கிடுதேன்” என்று சன்னலுக்கு வெளியே மழையில் நிற்பாள். எல்லாப் பெண்களும் அப்படித்தான். நாற்காலியெல்லாம் ஆண்களுக்கு. பெண்களுக்கான கழிப்பறையை, கேரம் ஆடும் கிளப்பை ஒட்டிக் கட்டலாம் என்று ஒருமனதாகத் தீர்மானித்த மேதைகள் அவர்கள். கட்டவும் செய்தார்கள். ஒருத்திகூட அந்தப் பக்கம் போகவில்லை.

ஒரு பெருமழையில் அந்தக் கூடத்தின் கூரை போனது. புதுக் கூடத்துக்கு வரைபடம் போடும் வேலை, படிப்பு முடிந்து நான் சேர்ந்திருந்த அலுவலகத்துக்கு வந்தது. கல்லூரியில் வரைந்த அதே படத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். கிளப் செயலாளர் குதித்தார். “குழாயப் பின்னாடி தள்ளும்மா. முன்னாடி எம்.எல்.ஏ. கார் வந்து நிக்க போர்டிகோ வேணும்.”

“எம்.எல்.ஏ. ஓட்டுக்கு ஓட்டுதான வருவாரு? இவுக ஒவ்வொரு கூட்டத்துக்கும் வாராகளே” என்றேன்.

முடிவு பஞ்சாயத்துப் பிரசிடெண்ட் அம்மாள் கையில் இருந்தது. அடுத்த கிராமசபை பள்ளிக்கூடத்தில் நடந்தபோது, கொஞ்ச நேரம் வெளியே வந்து நில்லுங்கள் என்று அந்த அம்மாளைக் கெஞ்சிக் கூட்டிப்போனேன். சாரல் அவர் சேலையை நனைத்தது. உள்ளே பேசியது ஒரு வார்த்தை கேட்கவில்லை. “குழாய் முன்னாலேயே இருக்கட்டும்” என்றார், முந்தானையைப் பிழிந்துகொண்டே.

புதுக் கூடத்தில் முதல் கிராமசபை. அன்றும் மழை. பெண்கள் மொத்தமாக இறங்கி வந்தார்கள். தாழ்வாரத்தில் காலைக் கழுவினார்கள், அட்டையைப் பிடுங்கிப் போட்டார்கள், படங்கைக் கொக்கியில் மாட்டினார்கள். அம்மா நிலைப்படியில் தயங்கினாள். இவள் நின்றால் எல்லாரும் நின்றுவிடுவார்கள். குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று நடந்து முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல் இருந்தது. இடம் எங்கே போய்விடும் என்று ஆண்கள் கேரம் ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் வந்தார்கள். நாற்காலி ஒன்றும் மிச்சமில்லை, தரையிலும் பெண்கள். ஆண்கள் சன்னலுக்கு வெளியே குடை பிடித்து நின்றார்கள்.

அம்மா எழுந்து, புதுக் கழிப்பறை லயத்துக்குப் பக்கத்தில்தான் வேண்டும் என்றாள். பெண்களின் கைகள் எல்லாம் மேலே போயின. தீர்மானம் நிறைவேறியது. செயலாளர் சன்னலில் தலையை நீட்டினார். “என்ன தீர்மானம்க்கா? சத்தமாச் சொல்லுங்க, இங்க ஒண்ணும் கேக்கல.”

அம்மா திரும்பிப் பார்த்தாள். “உள்ள வாங்க தம்பி. காலக் கழுவிட்டு வாங்க.”