கிணற்றுக்குள் கேட்ட குரல்

கனடாவில் எங்கள் பேஸ்மென்ட் சுவரில் ஈரம் கசிந்து சுண்ணாம்பு மணத்தது. உடனே எனக்கு எங்கள் ஊர் அச்சுவேலி ஞாபகம் வந்தது.

போர்க்காலத்தில் ஒருநாள் குண்டுவீச்சுக்குப் பயந்து அம்மாவும் நானும் தோட்டத்துச் சுண்ணாம்புக்கல் குகைக்குள் ஒளிந்திருந்தோம். குண்டு விழுந்த அதிர்வில் பாறை சரிந்து வாசல் அடைபட்டது. கத்திக் களைத்தோம். விமான இரைச்சல் அடங்கியபின், உள்ளே பாறையிலிருந்த வெடிப்புக்கூடாக வாளி தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. மறுபக்கம் பக்கத்து வீட்டுப் பொன்னம்மாக்காவின் கிணறு.

"அக்கா, நாங்கள் இஞ்சை!" அம்மா வெடிப்பில் வாயை வைத்துக் கத்தினார்.

"ஐயோ, கிணத்துக்கை பேய்!"

"பேயில்லை, நான் ராசாத்தி! குகை வாசல் மூடிப்போச்சு. ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாங்கோ!"

பொன்னம்மாக்கா கூட்டிவந்த ஊரவர்கள் கல்லை விலக்கி எங்களை வெளியே எடுத்தார்கள். பொன்னம்மாக்கா அம்மாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"மெய்யாய் நீதானோடி?"

அம்மா அவரைக் கட்டிப்பிடித்து விழுந்து விழுந்து சிரித்தார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.