பெரிய டயரும் கவ்வாத்துக் கத்தியும்

போன வருடம் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாதையில் நடந்தது இது. அங்கிருந்து பதுளைக்கு ஆட்களை ஏற்றி ஹயர் ஓடுகிறவன் நான். இருபது வருடமாக அந்த வளைவுகளில் வண்டி ஓட்டுகிறேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன் என்று சொல்லிக்கொள்வேன். பாதி உண்மைதான்.

அப்போதுதான் ஒரு ஜீப் வாங்கியிருந்தேன். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்த வண்டி. எங்கள் பாதையில் மழை பெய்தால் கல் எது, குழி எது என்று தெரியாது. அடிப்பாகம் சும்மா சும்மா தட்டும். அதனால் பதுளையில் கொண்டுபோய்ப் பெரிய டயராகப் போட்டேன். மட்கார்டுக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பைக் கொஞ்சம் வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் திருப்பத்தில் டயர் உரசும் என்று டயர்க் கடைக்காரர் சொன்னார். புது வண்டியில் கத்தி வைப்பதா? எனக்கு மனசே வரவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துக் காட்டினேன். எங்கேயும் உரசவில்லை. எனக்கே பாடம் எடுக்கிறாரே என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அன்று வண்டியில் இருந்தது நான் ஒருவன்தான். தோட்டத்தில் எந்த வண்டி ஒற்றை ஆளோடு ஓடியிருக்கிறது?

அடுத்த வாரமே ஒரு காலையில், தொழிலாளர் வீடுகள் இருக்கும் மேல் லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. நாள் வர இன்னும் மூன்று வாரம் இருந்ததாம். இரத்தமும் போவதாகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்கு என்றால் எங்கள் பக்கம் நோயாளி மட்டும் ஏறுவதில்லை. அம்மா, மாமியார், சின்னம்மா, பக்கத்து வீட்டு அக்கா என்று வண்டி நிறைந்துவிட்டது. மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன், கத்தியும் கையுமாக ஓடிவந்து முன்னால் ஏறிக்கொண்டான். என்னோடு ஒன்பது பேர். யாரையும் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. புது டயர் மேல் அவ்வளவு நம்பிக்கை.

மூன்றாவது வளைவு நல்ல இறக்கம். பிரேக்கை மிதித்ததும் பாரத்தில் வண்டியின் முன்பக்கம் அமுங்கியது. ஒடித்தேன். ஸ்டியரிங் பாதியிலேயே இறுகி நின்றுவிட்டது. கர்ரென்று ஒரு சத்தம், ரப்பர் கருகும் வாடை, எதிரே பள்ளம். எப்படி நிறுத்தினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இறங்கிப் பார்த்தால், அந்த பிளாஸ்டிக் மறைப்பு கிழிந்து மடிந்து டயரோடு இறுகிக் கிடந்தது. அந்தப் பெண்ணைத் தவிர எல்லோரையும் இறக்கியும் அசையவில்லை. கையால் இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. உள்ளே அவள் முனகுவது கேட்டுக்கொண்டே இருந்தது. புருஷன் கத்தியில் சுற்றியிருந்த சாக்கைப் பிரித்தான்.

"அண்ணே, வெட்டிரவா?"

சட்டென்று வெட்டு என்று சொல்ல வேண்டியவன், நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாத்துப்பா, பெயின்ட்டுல பட்டுறப் போவுது."

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. கூசிப்போனேன். அவன் இடது கையை மட்கார்டு ஓரத்தில் அணைவாக வைத்துக்கொண்டு, குனிந்து நாலே வெட்டு வெட்டினான். துண்டு கீழே விழுந்தது. அவனையும் மாமியாரையும் மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள், நாங்கள் பஸ்ஸில் வருகிறோம் என்று மற்றவர்கள் அங்கேயே நின்றுகொண்டார்கள். அதற்கப்புறம் நான் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே, அதை நானே மெச்சிக்கொள்ள வேண்டும்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பெண் குழந்தை. ஆஸ்பத்திரி வாசலில் அந்தச் செய்தி வந்தபோதுதான் அவன் கையைக் கவனித்தேன். இடது கை விரல்களில் துணி சுற்றியிருந்தான், அதில் இரத்தம் ஊறியிருந்தது. வெளியே நின்ற ஜீப்பைப் போய்ப் பார்த்தேன். பெயின்ட்டில் ஒரு கீறல் இல்லை.

மறுநாளே அடுத்த பக்கத்து மறைப்பை நானே வெட்டி எடுத்தேன். இப்போது ஒன்பது பேரோடு அதே வளைவை ஒரே ஒடிப்பில் திருப்புவேன், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் வண்டியைக் கழுவித் துடைத்து, மட்கார்டு பளபளவென்று நிற்கும்போதெல்லாம், அன்றைக்கு அதில் ஒரு கீறலாவது விழுந்திருக்கக் கூடாதா என்றுதான் இருக்கிறது.