தசரதனும் இழுக்காத வண்டியும்

பானெட்டைத் தூக்குவதற்கு முன்னால் வண்டிக்காரரை ஒரு பாட்டம் திட்டி முடித்தாக வேண்டும் மெக்கானிக் தசரதனுக்கு. கீழ்பென்னாத்தூரில் அவருடைய ஷெட்டுக்குள் எந்த வண்டி நுழைந்தாலும் இதுதான் முறை. "வண்டியா இது? மாடு கட்ற கொட்டா மாதிரி கீது!" திட்டிக்கொண்டே காதில் செருகிய பீடியை எடுப்பார், பற்றவைக்காமல் மறுபடி செருகிக்கொள்வார். பீடியை விட்டுப் பல வருஷம் ஆகிறது. கோபத்தைத்தான் விட முடியவில்லை.

வேலை சுத்தம். அதனால் திட்டு வாங்கவும் ஆள் வருகிறது. ஆயுத பூஜையன்று வாடிக்கை வண்டிகளை எல்லாம் வரவழைத்து, தானே கழுவி, தன் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைப்பார். ஸ்டியரிங், சக்கரம், பேட்டரி என்று ஓர் இடம் விடமாட்டார். அன்றைக்கு மட்டும் வாயில் திட்டு வராது.

இந்த வருஷப் பூஜை முடிந்ததிலிருந்து தனத்தின் பழைய பிக்கப் இழுக்கவில்லை. ஊரில் பால் எடுத்துத் திருவண்ணாமலை ஓட்டல்களுக்குப் போடுகிறவள் அவள். பாதி வழியில் வண்டி திக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் முக்கி நின்றுவிடும். இரண்டு தடவை பால் திரிந்துபோனது. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக ஓட்டல்காரர் சொல்லிவிட்டார்.

தசரதன் டீசல் பில்டரை மாற்றினார், ஏர் பில்டரை மாற்றினார். ஷெட்டில் ஜம்மென்று உறுமிய வண்டி மறுநாள் ரோட்டில் படுத்தது.

"லோடு ஜாஸ்தி. டேங்க்ல டீசல் கம்மியா வெச்சிக்கினு உருட்டற!"

"டீசல் போட்ட ஒடனே நல்லாத்தான் போவுதுண்ணா. கொஞ்ச தூரம் போனாத்தான் மக்கர் பண்ணுது."

"மெக்கானிக்கு நீயா, நானா?"

அன்று காலை பால் கேன்களோடு வந்து நின்ற தனத்துக்குப் பொறுமை போய்விட்டது. "இங்க நின்னுக்கினு கத்தாதீங்க. ஏறுங்க, நீங்களே ஓட்டுங்க."

வழியெல்லாம் திட்டிக்கொண்டே ஓட்டினார். மலை நன்றாகத் தெரிகிற இடத்தில் வண்டி திக்கியது, முக்கியது, நின்றது. "டீசல் இல்ல, காட்டறேன் பாரு!" என்று குதித்து இறங்கி, டேங்க் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. டேங்க்கில் டீசல் பாதிக்கு மேல் இருந்தது.

மூடியைத் திருப்பிப் பார்த்தார். காற்று போவதற்கென்று அதில் இருக்கும் சின்னத் துளையைச் சந்தனம் அடைத்துக் கல்லாகிக் கிடந்தது. நடுவில் குங்குமம். காற்று உள்ளே போகாமல் டீசல் எப்படி என்ஜினுக்கு வரும்?

"எந்த மடையன்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

தனம் விடவில்லை. "சொல்லுங்கண்ணா, எந்த மடையன்? எம் பொழப்பே போவ இருந்துச்சு. எத்தினி பேச்சு பேசனீங்க!"

அவர் கம்பியால் துளையைக் குத்தி மூடியை மாட்டினார். டவுன்வரை வண்டி ஓர் இடத்திலும் முக்கவில்லை. பாலும் திரியவில்லை.

ஷெட்டுக்குத் திரும்பியபோது, இன்னொரு வாடிக்கைக்காரர் வண்டியோடு காத்திருந்தார், திட்டு வாங்கத் தயாராக. தசரதன் பானெட் பக்கமே போகவில்லை. வண்டியின் பக்கவாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டேங்க் மூடியில் இருந்த சந்தனப் பொட்டை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார்.